உழவாரம் கூரை வரை செல்ல வேண்டும்

கும்பாபிஷேக நாளன்று ஓர் ஆலயத்தின் கூரை வேறு எந்த நாளிலும் சுமக்காத பாரத்தைச் சுமக்கிறது. யாகசாலையிலிருந்து கடம் புறப்பட்டதும் சிவாச்சாரியார்கள் மேலே ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆலயத் தலைவர், திருப்பணிக் குழுவினர், உபயகாரர்கள், சிறப்பு விருந்தினர்கள், படம் பிடிப்பவர்கள் என்று ஒரு கூட்டமே ஏறுகிறது. கீழே மண்டபம் நிரம்பி வழிகிறது. மற்ற நாட்களில் அந்தத் தளத்தில் தண்ணீர்த் தொட்டியும் புறாக்களும் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. இத்தனை பேரையும் இது தாங்குமா, அதைத் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொன்னாரா என்ற கேள்வியோ, அழைப்பிதழ் அச்சாகும் வரைகூடப் பல இடங்களில் எழுவதில்லை. எழுப்பினால், 'அம்மன் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள்' என்ற பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்பவரின் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதில் சமய அடிப்படையிலேயே தவறானது என்பதுதான் என் வாதம். தெய்வம் குடியிருக்கும் கட்டடத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சோதிப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. அது வழிபாட்டின் ஒரு பகுதி. சோதிக்காமல் விடுவதுதான் நம் சமயமே குற்றம் என்று சொல்லக்கூடிய செயல்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைத் தளத்துக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ பாரம் வரும் என்று வைத்துக்கொண்டுதான் வடிவமைப்பார்கள். பழுது பார்க்க மட்டும் ஆள் ஏறும் கூரை என்றால் அதைவிடக் குறைவு. ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து பேர் நெருக்கியடித்து நின்றால், ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் 325 கிலோ. நினைத்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இப்படி எதிர்பாராத பாரம் வந்தாலும் தாங்கட்டும் என்றுதான் வடிவமைப்பில் பாதுகாப்பு விளிம்பு வைத்திருக்கிறார்கள். அந்த விளிம்பை மழையும் துருவும் ஆண்டுக்கு ஆண்டு தின்றுவிட்டிருக்கின்றனவா என்பது கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரியாது. வடிகுழாயில் பூவும் இலையும் அடைத்துத் தளத்தில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடுதல். கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இந்த ஊர்க் கூரைக்கு ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் ஆலயங்கள் வளர்ந்த விதமும் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. கோலாலம்பூர் அத்தாப்புக் கூரையின் கீழ் பிறந்த ஊர். 1881இல் தீயும் வெள்ளமும் அதை அழித்தன. பிறகு சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார். அந்தச் செங்கல் வெந்த சூளைகள் இருந்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மாரியம்மன் ஆலயமும் எளிய அத்தாப்புக் கொட்டகையாகத் தொடங்கி, செங்கல் கட்டடமாகி, 1968இல் இன்றைய வடிவத்தை அடைந்தது. கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் ஆலயம் 1892ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இவை பெயர் பெற்ற, நிர்வாக பலம் உள்ள ஆலயங்கள். என் கவலை அதிகமும் அடுத்த வரிசையைப் பற்றியது. தோட்டத்திலிருந்து தாமானுக்கு இடம் மாறியவை, ரயில் குடியிருப்புகளின் ஓரத்தில் தொடங்கியவை, ஒரு சூலமும் ஒரு மரமுமாக இருந்து வளர்ந்தவை என்று எத்தனையோ ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றின் கூரைகளுக்கு வயது ஒன்றல்ல. நடுவில் கருவறையும் கான்கிரீட் தளமும் ஒரு தலைமுறை கட்டியவை. முன்மண்டபத்தின் இரும்புச் சட்டமும் ஜிங்க் தகடும் அடுத்த தலைமுறை, வெயிலுக்காகச் சேர்த்தவை. அன்னதானக் கூடம் அதற்கும் பிறகு, கையில் பணம் வந்தபோது வந்தவர் கட்டியது. ஒவ்வொரு இணைப்பும் முந்திய சுவரின் மேல் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சுவர் இந்தப் பாரத்துக்காகக் கட்டப்பட்டதா என்று கேட்க, அதைக் கட்டியவர் இன்று உயிரோடு இல்லை.

கான்கிரீட் எப்படிக் கெடுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. தஞ்சைப் பெரிய கோவில் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்பதைச் சொல்லி நம் ஆலயங்களும் நிற்கும் என்று தேறுதல் கொள்வோர் உண்டு. அது கருங்கல். கல்லின் மேல் கல் அழுந்தி நிற்கும் கட்டடம். துருப்பிடிக்க அதற்குள் கம்பி இல்லை. நம் மண்டபங்களைத் தாங்குவது கான்கிரீட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை அந்தக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது. கிள்ளான் துறைமுகப் பக்கமாக இருந்தால் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைப் போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து நெருக்கி, கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். முதலில் தளத்தின் அடிப்புறத்தில் கம்பி போகும் வழியே ஒரு நேர்க்கோட்டு விரிசல் தெரியும். பிறகு பழுப்புக் கறை. பிறகு சில்லு சில்லாகப் பெயர்ந்து விழும். பொறியாளர் ஒரு சிறிய சுத்தியால் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும். உள்ளே பிளந்திருந்தால் பொத்தென்று கேட்கும். சுதைச் சிற்பங்களின் இடுக்கில் பறவை போட்ட அரச விதை முளைத்திருந்தால், அதன் வேர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்ப்பார். ஓட்டுக் கூரையாக இருந்தால், சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைக் குத்திப் பார்ப்பார். கரையான் வேலை செய்யும் இடம் அதுதான்.

இங்கே ஒரு வழக்கம் பெரிய இடைஞ்சலாக இருக்கிறது. திருப்பணி என்றால் முதலில் நினைவுக்கு வருவது வர்ணம். விரிசலைச் சிமெண்டுக் கலவையால் பூசி, மேலே பளபளப்பாக வண்ணம் தீட்டிவிடுகிறோம். கறை மறைகிறது, கசிவு மறைகிறது, கட்டடம் தன் நிலையைச் சொல்லக்கூடிய அடையாளங்கள் எல்லாம் மறைகின்றன. கும்பாபிஷேகத்துக்கு இரண்டு வாரம் முன்பு பொறியாளரை அழைத்து வந்தால், அவர் பார்ப்பது புது வர்ணத்தைத்தான். அழைப்பதென்றால் வர்ணக்காரருக்கு முன்னால் அழைக்க வேண்டும்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். மலைச்சரிவும் தடுப்புச் சுவரும் வடிகாலும் கவனிப்பாரின்றிக் கிடந்ததன் விளைவு அது. அதன் பிறகு 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டடம் தகுதிச் சான்று பெற்றுப் பத்தாண்டு கடந்ததும், பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்கும்படி உரிமையாளருக்கு ஊராட்சி மன்றம் உத்தரவிடலாம். முதலில் கண்ணால் பார்க்கும் சோதனை; அதில் ஐயம் எழுந்தால் முழுமையான கட்டமைப்பு ஆய்வு. நல்ல சட்டம். ஆனால் அது ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கானது. நம் ஆலயங்கள் பெரும்பாலும் ஒரு தளம், இரண்டு தளம். கோபுரம் எவ்வளவு உயர்ந்தாலும் அது மாடிக் கட்டடம் ஆகிவிடாது. ஆகவே இந்தப் பிரிவு நம் வாசலில் வந்து நிற்காது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் அறம் கேட்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை என்று நாடு சொல்கிறது; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று நம் மரபு அஷ்டபந்தனத்தைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்யச் சொல்கிறது. இரண்டு காலக்கெடுவும் இவ்வளவு அருகில் அமைந்திருக்கும்போது, இரண்டையும் ஒன்றாகச் செய்வதற்கு என்ன தடை?

தடை மனத்தில் இருக்கிறது. அதன் விலை என்னவென்று காட்டிய இடம் இந்தியாவின் இந்தூர். 2023 மார்ச் 30, ராமநவமி. பேலேஷ்வர் மகாதேவ் ஜுலேலால் ஆலயத்தில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. மக்கள் அமர்ந்திருந்த இடம் பழைய படிக்கிணறு ஒன்றை மூடிப் போட்ட தளம். தளம் உடைந்து விழுந்தது. 36 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே மாநகராட்சி அந்த ஆலயத்தின் கட்டுமானம் குறித்து நோட்டீஸ் கொடுத்திருந்தது. சமய உணர்வைப் புண்படுத்துகிறீர்கள் என்பதுதான் நிர்வாகத் தரப்பின் பதிலாக இருந்தது என்று அப்போது செய்திகள் வெளியாயின. இறந்தவர்கள் பக்தர்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தது யாகத் தீயின் முன்னால். அதைவிடப் புனிதமான இடம் எது என்று கேட்டால் சொல்ல முடியாது. அந்தப் புனிதம் தளத்தின் கனத்தைக் கூட்டவில்லை.

இதைக் கேட்டவுடன் ஒருவர் சொல்லக்கூடும்: 'அது அவர்கள் வினை. விதி முடிந்தால் வீட்டுக்குள் இருந்தாலும் போகும்.' இந்த எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நம் மக்களில் பாதிப் பேர் துக்கத்தைத் தாங்குவதே இந்த நம்பிக்கையால்தான். மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட் 1937இல் வெளியிட்ட நூலில், ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. வெயில் நேரத்தில் அவர்கள் தூண்களின் மேல் நிற்கும் தானியக் களஞ்சியத்தின் அடியில் உட்காருவார்கள். சில நேரம் களஞ்சியம் சரிந்து ஆட்கள் அடிபடுவார்கள். தூணைக் கரையான் அரித்துவிட்டது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி அவர்களுக்குள் தகராறு இல்லை. அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: இந்த ஆட்கள் அடியில் இருந்த இந்த நேரத்தில் ஏன் விழுந்தது? அதற்குச் சூனியம் என்று பதில் வைத்திருந்தார்கள். நாம் வினை என்கிறோம். இரண்டாவது கேள்விக்கான பதில் எதுவாக இருந்தாலும், அது முதல் கேள்வியை அழிப்பதில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. கரையான் கரையான்தான். ஏன் இவர்கள் என்பதற்கு யாரும் முன்கூட்டி ஒன்றும் செய்ய முடியாது. எப்படி விழுந்தது என்பதற்கு முன்கூட்டியே செய்ய முடியும். செய்ய முடியாததைக் காட்டிச் செய்ய முடிந்ததை விடுவது விதியை நம்புவதாகாது. அது கடமையிலிருந்து நழுவுவது.

சைவ சித்தாந்தமே இந்த நழுவலுக்கு இடம் தரவில்லை. முன் செய்த வினையின் பயனாக இப்போது வந்து சேர்வது பிராரத்தம். இப்போது செய்து புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். மண்டபத்தில் நின்ற பக்தருக்கு நேர்ந்தது அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். கசிவு தெரிந்தும் மூன்றாண்டு பார்த்துக்கொண்டு இருந்த நிர்வாகியின் அசிரத்தை யாருடைய கணக்கில் சேரும்? அது அவர் இன்று புதிதாக ஈட்டிய ஆகாமியம். வினைக் கொள்கையை முழுமையாக நம்புகிறவனே இதற்கு அதிகமாக அஞ்ச வேண்டும். பிறருடைய வினையைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்வதற்கு அந்தக் கொள்கை வகுக்கப்படவில்லை; நம் கையைப் பார்த்துக்கொள்ள வகுக்கப்பட்டது. மற்றச் சமயங்களும் இதே இடத்துக்கு வந்திருக்கின்றன. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் எருசலேமில் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே சொன்னதாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, இல்லாவிட்டால் விழுந்தவனின் இரத்தப்பழி உன் வீட்டின் மேல் என்று யூதர்களின் உபாகம நூல் கட்டளையாகவே விதிக்கிறது. வேத நூலுக்குள் கூரையின் அமைப்பு எப்படி வந்தது என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. உயிர் போகும் இடமெல்லாம் அறத்தின் எல்லைக்குள்தான்.

ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் நம்பிக்கையின் அறம் குறித்து எழுதிய கட்டுரை, குடியேறிகளை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலோடு தொடங்குகிறது. பழைய கப்பல், பலமுறை பழுது பார்த்தது. உரிமையாளருக்கு உள்ளூரச் சந்தேகம். சோதிக்கச் செலவாகும். இத்தனை பயணம் போய் வந்ததே, புது வாழ்வு தேடிப் போகும் இந்தக் குடும்பங்களைக் கடவுள் கைவிடுவாரா என்று எண்ணி எண்ணித் தன் சந்தேகத்தைத் தானே அடக்கி, உண்மையாகவே நம்பத் தொடங்குகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் மனமார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது என்கிறார் கிளிஃபர்ட். ஏனென்றால் அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை. ஆராய்ந்து பெற்ற நம்பிக்கை அன்று அது, சந்தேகத்தை அமுக்கிப் பெற்றது. இன்னும் ஒரு படி மேலே போகிறார்: கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே. கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பாட்டன் பாட்டியரை ஏற்றி வந்த கப்பலைச் சோதிக்காமல் அனுப்பினார்கள் என்று தெரிந்தால் நமக்குக் கொதிக்கும். அதே அளவுகோலை நம் மண்டபத்துக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். 'இத்தனை கும்பாபிஷேகம் நடந்தது, ஒன்றும் ஆகவில்லையே' என்பது கப்பல்காரர் சொன்ன அதே சொல்.

இனி, நம் மரபு சோதனையை எப்படிப் பார்த்தது? மயமதம் போன்ற சிற்ப நூல்களில் கட்டுமானம் நிலத்தைச் சோதிப்பதில் தொடங்குகிறது. குழி தோண்டி, அந்த மண்ணையே திரும்பக் குழியில் போட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சமமானால் மத்திமம், குறைந்தால் ஆகாது. பூசை போட்டுவிட்டோம், மண் எப்படியிருந்தால் என்ன என்று எந்த நூலும் சொல்லவில்லை. ஸ்தபதிக்கு அடுத்தபடியாக, நூல் பிடித்து அளவு பார்ப்பதற்கென்றே சூத்திரகிராகி என்ற ஒருவரைக் குறிக்கிறது அதே மயமதம். பழுதான கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. ஆகமங்கள் அதைச் சீர்ணோத்தாரணம் என்று ஒரு கிரியையாகவே வைத்திருக்கின்றன. சீர்கெட்டது எது என்று தெரியாமல் சீர்கெட்டதை எடுத்து நிறுத்துவது எப்படி? ஆராய்தல் அந்தக் கிரியைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அதற்கும் மேலாக நமக்கு அப்பர் இருக்கிறார். நால்வரில் அவர் கையில் மட்டும் ஓர் உழைப்புக் கருவி உண்டு. உழவாரத்தைத் தோளில் சாய்த்து நிற்கும் அந்த உருவத்தைச் சிவாலயங்களில் வணங்குகிறோம். அது எதற்கான கருவி என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். ஆலயத்தில் முளைத்த புல்லையும் பூண்டையும் செதுக்கி எறியும் பராமரிப்புக் கருவி அது. பாடலால் ஊரை உருக்கியவர், கட்டடம் கெடாமல் பார்த்துக்கொள்வதையும் வழிபாடாகச் செய்தார். சரியை என்று சித்தாந்தம் முதற்படியாக வைப்பது இதைத்தான். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்று இளைஞர்கள் உழவாரப் பணி என்று கூடித் தரை கழுவுகிறார்கள், விளக்குத் துலக்குகிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய தொண்டு. ஆனால் அது கண்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. தலைக்கு மேல் உள்ளதைக் கழுவ முடியாது. அறிந்தவர் ஆராய வேண்டும். கான்கிரீட் காலத்தில் பொறியாளரின் சுத்தியும் கம்பி தேடும் கருவியும் உழவாரம் செய்த வேலையைச் செய்கின்றன. அவர் சைவரா, இந்துவா என்பதுகூட இதில் கேள்வி ஆகாது. அவரை அழைத்து வரும் நிர்வாகமே சரியை செய்கிறது.

பூசலாரைச் சொல்லி மறுப்பவர் இருக்கலாம். திருநின்றவூரில் கல்லும் பொன்னும் கிடைக்காமல் மனத்திலேயே கோவில் கட்டியவர் அவர். காடவர்கோன் காஞ்சியில் கட்டிய கற்றளியை விட்டு இறைவன் அவருடைய மனக்கோவிலுக்கு எழுந்தருளினார் என்பது வரலாறு. ஆகவே இறைவன் பார்ப்பது மனத்தை, கட்டடத்தை அல்ல. கூரையைப் பற்றி இவ்வளவு பேசுவது வெளிப்பகட்டு என்பார்கள். சேக்கிழார் சொல்லும் முறையைக் கவனித்துப் படித்தால் வேறு ஒன்று தெரியும். பூசலார் மனத்தில்கூடக் குறுக்கு வழியில் கட்டவில்லை. பொருள் தேடி, தச்சரைச் சேர்த்து, நல்ல நாள் பார்த்து, அடிநிலையிலிருந்து படிப்படியாக எழுப்பி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் அமைத்து, அதன் பிறகே பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார். கற்பனையிலும் அடித்தளத்தை விடாதவர் அவர். தவிர, மனக்கோவிலின் அடியில் மற்றவர் யாரும் நிற்பதில்லை. நம் மண்டபத்தில் குழந்தைகள் தேவாரம் படிக்கிறார்கள், முதியவர்கள் அன்னதானத்துக்கு வரிசையில் உட்காருகிறார்கள்.

தீட்டைப் பற்றிய தயக்கம் உண்மையானது, அதை மதிக்கிறேன். கருவறைக்கு மேலே அந்நியர் ஏறலாமா, செருப்பும் கருவியுமாக விமானத்தருகே போகலாமா என்பது நியாயமான கேள்வி. மரபு இதற்கும் வழி வைத்திருக்கிறது. பாலாலயம் செய்து மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்தபின், கருவறையிலும் விமானத்திலும் வேலையாட்கள் புகுவது காலங்காலமாக நடப்பது. வர்ணம் தீட்டுபவர் ஏறும் இடத்தில் பொறியாளர் ஏறுவதற்குத் தனித் தடை எதுவும் இல்லை. மண்டபக் கூரை, அன்னதானக் கூடம், வெளித்தளம் ஆகியவற்றுக்கு அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. பாலாலயத்துக்கு நாள் குறிக்கும் முன்பே அவற்றைப் பார்த்துவிடலாம். திருப்பணியின் செலவுக் கணக்கு அப்போதுதான் உண்மையானதாக இருக்கும். பாதி வேலையில் தளம் பெயர்ந்து, நன்கொடைப் புத்தகத்தை மறுபடி தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஸ்தபதி இருக்கிறாரே, அவர் போதாதா? தமிழகத்திலிருந்து வரும் ஸ்தபதிகளின் கைவண்ணத்துக்கும் அளவுப் பிரமாண அறிவுக்கும் ஈடு இல்லை. விமானத்தின் விகிதம், சுதையின் நயம் அவர்கள் சொத்து. ஆனால் உத்தரத்துக்குள் இருக்கும் கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது, ஜிங்க் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் பற்றவைப்பு நிற்குமா, கிள்ளானின் களிமண்ணில் ஒரு தூண் மட்டும் இறங்கியிருக்கிறதா என்பதெல்லாம் வேறு கல்வி. கூடுதலாக ஐம்பது தெய்வ உருவங்களை ஸ்தபதி மேலே வைக்க விரும்பினால், அந்தக் கனத்தைக் கீழே உள்ளது தாங்குமா என்று சொல்லப் பொறியாளர் வேண்டும். இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியவர்கள்.

பொறியாளரும் தவறுவார் என்பது உண்மை. கோலத் திரெங்கானுவில் சுல்தான் மிசான் விளையாட்டரங்கத்தின் கூரை, திறந்து ஏறத்தாழ ஓராண்டில், 2009 ஜூன் 2ஆம் நாள் சரிந்தது. அதை வடிவமைத்தவர்களும் படித்த பொறியாளர்கள்தான். ஆகவே அறிக்கை ஒன்று கையில் இருந்தால் கட்டடம் விழாது என்று யாரும் உறுதி தர முடியாது. நான் கேட்பதும் அந்த உறுதியை அன்று. தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்ள முயன்றோமா என்பதே நம் மேல் உள்ள கடன். ஸ்ரீகாளஹஸ்தியில் 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய இராஜகோபுரம் 2010 மே 26ஆம் நாள் இடிந்து விழுந்தது. கோபுரத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் விரிசல் அகலமாவதைக் கவனித்து, சுற்றிலும் இருந்த மக்களை முன்கூட்டியே அகற்றியிருந்தார்கள். பெரும் உயிர்ச்சேதம் நேரவில்லை. 2017இல் புதுக் கோபுரம் எழுந்தது. கல் போனால் மறுபடி கட்டலாம். கவனித்துக்கொண்டிருந்ததால் ஆட்கள் மிஞ்சினார்கள்.

கடைசியாகப் பணமும் பயமும். உபயம் தருகிறவர் தம் பெயர் சலவைக்கல்லில் வர வேண்டும் என்று விரும்புகிறார். கலசத்துக்கு உபயம் உண்டு, வாகனத்துக்கு உண்டு, பூமாலைக்குக்கூட உண்டு. கூரைச் சோதனைக்கு உபயகாரர் யாரும் முன்வருவதில்லை, ஏனென்றால் அந்தப் பணம் கண்ணுக்குத் தெரியும் எதையும் விட்டுச் செல்வதில்லை. பல லட்சம் ரிங்கிட் புழங்கும் திருப்பணியில் பொறியாளருக்கான கட்டணம் மிகச் சிறிய பங்கு. பயம் இன்னும் ஆழமானது. வரைபடம் இல்லை, நிலப் பட்டாவும் தெளிவாக இல்லை, பொறியாளரை அழைத்தால் அதிகாரிகள் பின்னாலேயே வந்து ஆலயத்தையே எடுக்கச் சொல்வார்களோ என்று அஞ்சும் நிர்வாகங்கள் உண்டு. ஆலயங்கள் இடம்பெயர்க்கப்பட்ட வரலாறு இந்த நாட்டில் நமக்கு இருக்கிறது. அந்த அச்சத்தை அசட்டுத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆலயம் தானே அமர்த்தும் பொறியாளர் ஊராட்சி மன்றத்தின் ஆள் அல்லர். நிலத்துக்கான போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீளலாம். கூரை அதுவரை காத்திருக்கும் என்று அதனிடம் யாரும் எழுதி வாங்கவில்லை.

அடுத்த ஓரிரு ஆண்டில் கும்பாபிஷேகம் வைக்கவிருக்கும் ஆலயங்களின் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வர்ணம் என்ன நிறம், சிறப்பு விருந்தினர் யார் என்பதற்கு முன்னால், பொறியாளர்கள் வாரியத்தில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைக்கத் தீர்மானம் கொண்டு வாருங்கள். தளத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணை அவரிடம் எழுத்தில் கேளுங்கள். கும்பாபிஷேக நாளில் படிக்கட்டில் ஆள் நிறுத்தி, அந்த எண்ணுக்கு மேல் யாரையும் ஏற்றாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய உபயகாரராக இருந்தாலும். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, வரவு செலவுக் கணக்கு ஒட்டும் அதே பலகையில் ஒட்டுங்கள். நிர்வாகம் மறுத்தால், கூட்டக் குறிப்பில் உங்கள் கேள்வியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.